வெறுங்காணி எனும் கருத்தும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சூரிய மின்னிலையங்களும்

பெரிய சூரிய மின்னிலையங்களுக்கு இடந்தெரிதல் பொறியியலாளரின் பணியாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. வெயில், சமதரை, நிழலின்மை, மின்வழங்கற் பாதையின் அண்மை என்பன அவர்தம் அளவுகோல்கள். வறண்ட வலயத்தில் மலையின்றிக் கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாடு அவற்றுள் முதலிரண்டையும் இயல்பாகவே நிறைவு செய்கிறது. ஆயின் ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 ஏக்கர் வேண்டும். தோட்டக்காணிகள் சிறு துண்டுகளாகப் பிரிந்துள்ள இம்மண்ணில் அத்துணை நிலம் எங்குளது? ‘வெறுங்காணியில்’ என்பதே வழமையான விடை. அவ்விடையின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

வெறுமை நிலத்தின் இயற்கைக் குணமன்று. அதிகாரம் அதற்கு இட்ட பெயர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியனவே எனக் கொண்டது. கோப்பிப் பெருந்தோட்ட மூலதனத்தின் நிலத்தேவையே அதன் பின்னணி. உழுதவன் தன் உரிமையை ஓரளவு நிறுவலாம். மாடு மேய்த்தவனுக்கும் விறகு பொறுக்கியவளுக்கும் உறுதி ஏது? குடாநாட்டுத் தரவைகள் மாரியில் நீர் தேங்கிப் பின் புல் தருபவை. பயன்பாடு இருந்தும் பத்திரமற்ற அந்நிலங்களே வரைபடத்தில் வெறுமையாகத் தோன்றுகின்றன.

போர் மற்றொரு வெறுமையைப் படைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். 2013இல் அங்கும் வலிகாமம் கிழக்கிலுமாக 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் விடுக்கப்பட்டது. பின்னர் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டதாயினும், ஆளற்ற நிலம் வேறு, ஆளகற்றிய நிலம் வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான சூரிய, காற்றுக் கலப்பு மின்திட்டம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. 2021 சனவரியில் அது சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டிறுதியில் பணி இடைநிறுத்தப்பட்டது. 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, 2024 மார்ச்சில் ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் நன்கொடையில் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்றாண்டு விவாதமும் தீவுகள் இந்தியக் கரைக்கு எவ்வளவு அண்மையில் உள்ளன என்பதைப் பற்றியே சுழன்றது. தீவகத்து மீனவரும் மேய்ப்பரும் அதில் பொருளாகவே இருந்தனர், தரப்பினராக அல்லர்.

சூரிய மின்சாரம் புகையற்றது, ஆதலின் இவ்வினா மிகையானது எனச் சிலர் கூறலாம். புகையின்மை நீதியாகிவிடாது. சுன்னாகத்தில் மின்னிலையத்தை அண்டிய நிலத்தடி நீர் எண்ணெயால் மாசுற்ற வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா இழப்பீட்டுக்கு ஆணையிட்டது. கிணறு கெட்ட பின்னரே அயலவரின் குரல் கேட்கப்பட்டது. இடம் தெரியும்போதே கேட்கப்பட்டிருக்க வேண்டிய குரல் அது.

எனவே கதிர்வீச்சை அளக்குமுன், அந்நிலத்தை நேற்றுவரை யார், எப்பருவத்தில், எதற்காகப் பயன்படுத்தினர் என்பது பதியப்பட வேண்டும். விளையும் மின்சாரத்தில் அவர்களது பங்கும் வரையறுக்கப்பட வேண்டும். வெயில் எவர்க்கும் பொது. அது விழும் நிலம் பொதுவாயிருக்கவில்லை. இம்முரண்பாட்டைக் காணாத இடத்தெரிவு, 1840ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புதிய கருவிகளால் மீள எழுதுவதேயாகும்.