நெற்றியிலிருந்து கழுத்துக்கு

1825இல் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூர் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அடையாள அட்டை ஏது? ஆயுள் கைதிகளின் நெற்றியிலேயே குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். ‘கோத்னா’ என்று பெயர். கழற்றிவைக்க முடியாத பேட்ஜ். 1849இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள்.

1948இல் அவசரநிலை. கம்யூனிஸ்டுகளைப் பிரித்தெடுக்க எல்லோருக்கும் காகித அட்டை வந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1966இல் மறுபதிவு: குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம்.

இந்த நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்பது செம்பவாங் கடற்படைத் தளத்தில் தெரிந்தது. தமிழர்களும் மலையாளிகளும் ஏராளமாக வேலை பார்த்த இடம் அது. பாஸ் இருந்தால்தான் வாசலைத் தாண்டலாம். 1968 ஜனவரியில், 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. அப்புறம் அந்த பாஸுக்கு என்ன மதிப்பு? குடியுரிமை இல்லாதவர் வேறு வேலைக்குப் போக அனுமதி வாங்கணும். தளத்திலேயே ஆயுளைக் கழித்த பலர் ஊருக்குக் கப்பலேறினார்கள்.

இன்றைக்குச் சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற தொழிலாளிகளிடமும் ஓர் அட்டை உண்டு. அந்த அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. 2017இலிருந்து அதில் க்யூஆர் கோடு வேறு. ஸ்கேன் பண்ணினால் அனுமதி செல்லுமா என்று தெரிந்துவிடும். முதலாளி ரத்து செய்துவிட்டால் அட்டை கழுத்தில் தொங்கும், அனுமதி இருக்காது.

கைதியால் தன் குறியை அழிக்க முடியவில்லை. தொழிலாளியால் தன் குறியைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. இரண்டுமே அவர்கள் கையில் இருந்ததில்லை.