டிசைன் வகுப்பில் ‘நீ யார்?’ என்ற கேள்வி: கொல்லிமலைப் பிள்ளைகளிடம் வரைய என்ன இருக்கிறது?

கிராஃபிக் டிசைன் படிக்கப் போகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே பெரும்பாலும் ஒரு வேலை கொடுப்பார்கள். உன்னைப் பற்றி, உன் குடும்பத்தைப் பற்றி ஏதாவது ஒன்றை வடிவமைத்துக் கொண்டு வா. அது போஸ்டராக இருக்கலாம், சின்னப் புத்தகமாக இருக்கலாம், புது எழுத்துருவாகவும் இருக்கலாம். தாத்தா எழுதிய கடிதம், பழைய கல்யாணப் பத்திரிகை, போட்டோ ஆல்பம் எல்லாம் பீரோவில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு போன்ற இடத்திலிருந்து வருகிறவருக்கு? அங்கே குடும்ப நினைவு பெரும்பாலும் பேச்சில்தான் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

எதற்காக இப்படி ஒரு வேலை?

இணையத்தில் பார்த்ததையே திரும்பச் செய்யும் பழக்கத்தை உடைக்கத்தான். தன் வீட்டில் உள்ளதை வரையும்போது காப்பியடிக்க ஆள் இல்லை. சும்மா பயிற்சி என்று ஒதுக்கவும் முடியாது. ரூபாய் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சியில் பிறந்தவர், சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு மும்பை ஐஐடியில் டிசைன் முதுகலைக்குப் போனார். அங்கே மாணவராக அவர் செய்த வேலைகளில் ஒன்று ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துரு. முனைவர் பட்ட ஆய்வும் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றியதுதான். 2010 ஜூலை 15 அன்று அவருடைய ரூபாய் குறியீட்டை மத்திய அரசு ஏற்றது.

2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறியீட்டுக்குப் பதில் ‘ரூ’ வந்தபோது, உதயகுமாரின் அப்பா முன்னாள் திமுக எம்எல்ஏ என்பதே தனிச் செய்தியாக ஓடியது. குடும்ப அடையாளம் டிசைனருக்குள் மட்டும் இருப்பதில்லை, பார்க்கிறவர்களும் அதைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள்.

கொல்லிமலை அடிவாரத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஓவியர் ஆதிமூலம். துறையூர் அருகே கீராம்பூரில் 1938ல் பிறந்தவர், கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளிலும் புத்தக அட்டைகளிலும் தூரிகையால் அவர் எழுதிய எழுத்துக்குத் தனி முகம் உண்டு. அச்சு எழுத்து மாதிரி இருக்காது, கை எழுதியது என்று பார்த்ததும் தெரியும்.

மலையில் கதை எங்கே சிக்கலாகிறது?

பெயரிலேயே! கொல்லிமலையின் பழங்குடியினர் மலையாளிகள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். ‘கவுண்டர்’ பட்டம் போடும் வழக்கமும் இருப்பதால் சமவெளிக்காரர்கள் வேறு சாதி என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. அரசுப் பட்டியலோ மாவட்டத்தைப் பார்க்கிறது. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்ததால் கொல்லிமலை மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். ஈரோடு அந்தப் பட்டியலில் இல்லாததால் பர்கூர் மலை மலையாளிகளுக்கு அந்தத் தகுதி கிடைக்காமல் போனது. ‘நான் மலையாளி’ என்று ஒரு மாணவர் போஸ்டரில் எழுதினால், அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

பூர்வீகக் கதையும் அப்படித்தான். காஞ்சிபுரம் பக்கமிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறியதாகச் சொல்வார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். எது சரி என்று தீர்க்கப் பார்க்காமல், பாட்டி சொன்னது ஒரு பக்கம், பக்கத்து மலைக்காரர் சொன்னது எதிர்ப்பக்கம் என்று அச்சிட்டால் அதுவே நல்ல புத்தகம்.

சரி, படம்?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பழங்குடி என்றதும் குச்சிக் கை, முக்கோண உடம்பு என்று வார்லி ஓவியம் போட்டுவிடுவது. வார்லி மகாராஷ்டிரா பக்கத்து மக்களுடையது. நீலகிரி தோடர்களின் பூவேலைப்பாடு போல ஊர் அறிந்த ஒரு ‘டிசைன்’ கொல்லிமலைக்கு இல்லை என்பதற்காக அதைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

மலையில் வேறு சரக்கு இருக்கிறது. சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று ரகத்துக்கு ஒரு பெயர். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளி வந்த பிறகு சாமைக் காடு சுருங்கிவிட்டது. விதை போனால் அந்தப் பெயரைச் சொல்லும் தேவையும் போய்விடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களாக இந்த விதைகளைக் காக்க இங்கே வேலை செய்கிறது. பெயர்களையும் கதிரின் வடிவத்தையும் தவசப் பாக்கெட்டில் சரியாகக் கொண்டுவர ஒரு டிசைனர் வேண்டாமா? கதிரைக் கையில் பிடித்து வளர்ந்தவருக்கு ரகத்துக்கு ரகம் வித்தியாசம் தெரியும். இணையத்தில் தேடினால் எல்லாம் ஒரே ‘மில்லெட்’ படம்தான் வரும்.

படிக்க வழி என்ன?

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் காட்சி வழித் தொடர்பு வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஐஐடிகளின் பி.டெஸ் படிப்புக்கு ‘யுசீட்’ தேர்வு எழுத வேண்டும். மத்திய நிறுவனங்களில் பழங்குடியினருக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு, தமிழக அரசுக் கல்லூரிகளில் 1 சதவீதம். இரண்டுக்கும் சாதிச் சான்றிதழ் கையில் வேண்டும்.

சேர்ந்த பிறகு ஒரு விஷயம். பாட்டியின் முகம், குலசாமி கோயில், குடும்பத்துக்குள் மட்டும் சொல்லும் கதை இவற்றை வகுப்பில் வைக்கும் முன் வீட்டில் கேட்டுவிடுவது நல்லது. வகுப்பில் காட்டியது அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் ஏறிவிடும். அதன் பிறகு யார் எடுத்து எந்த டி-ஷர்ட்டில் போட்டாலும் தடுப்பது கஷ்டம்.