தக்கரேயின் மனைவியும் பிரசவ உன்மத்தமும்

1840ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்திலே, அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நீராவிக் கப்பல் ஒன்றிலிருந்து ஓர் இளம்பெண் கடலிற் குதித்தாள். தேடிச் சென்றோர் அவளைக் கண்டபோது ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கழிந்திருந்தன. அவள் அமிழ்ந்துவிடவில்லை, மல்லாந்து மிதந்தபடி, கைகளால் நீரை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்பெண்ணின் பெயர் இஸபெல்லா. கல்கத்தாவில் 1811இற் பிறந்து, பிற்காலத்தில் ஆங்கில நாவலாசிரியருள் முன்வரிசையில் வைத்தெண்ணப்பட்ட வில்லியம் மேக்பீஸ் தக்கரேயே அவருடைய கணவர். அந்நாளில் அவர் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் ஓர் எழுத்தாளர் மட்டுமே. தம்பதியரின் மூன்றாவது பெண்மகவு அவ்வாண்டு மே மாதத்திற் பிறந்தது. இரண்டாவது மகவு முந்திய ஆண்டிலே இறந்திருந்தது. பிரசவத்தின் பின் அம்மையார் சோர்ந்து, ஒன்றிலும் நாட்டமின்றி இருந்தார். தக்கரே அதனைப் பெரிதாக எண்ணவில்லை. பயணக்கட்டுரை எழுதும் நோக்கத்தோடு பெல்ஜியத்துக்குச் சென்றுவிட்டார். திரும்பியபோது மனைவியின் நிலை அவரைத் திடுக்கிடச் செய்தது. கடற்பயணம் குணம் தரும் என்றெண்ணியே அயர்லாந்துக்குப் புறப்பட்டனர்.

கடலினின்றும் மீட்ட பின்னரும் ஆபத்து நீங்கவில்லை. ஆகவே இரவிலே தக்கரே ஒரு நாடாவின் ஒரு முனையை மனைவியின் இடையிலும், மறுமுனையைத் தம் உடலிலும் கட்டிக்கொண்டு உறங்கினார். அம்மையார் அசைந்தால் அவர் விழித்துக்கொள்வார். மருத்துவம் கைகொடாத காலத்திலே அன்பு கண்டுபிடித்த உபாயம் அது என்பேன்.

நேயர்களே, இந்நோய் அன்று புதியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாஜரி கெம்ப் என்னும் ஆங்கில மாது, தம் முதற் பிரசவத்தின் பின் அரையாண்டுக்கு மேலாகச் சித்தம் கலங்கியிருந்ததைத் தம் வரலாற்றிலே சொல்லியுள்ளார். நம்மவரிடையே பிள்ளை பெற்றவள் பிதற்றினால் அதனைச் 'சன்னி' என்றனர். காய்ச்சலால் வரும் பிதற்றலும், காய்ச்சலின்றியே வரும் உன்மத்தமும் அவ்வொரு சொல்லிலே அடங்கிவிட்டன. இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய வைத்தியரும் நெடுங்காலம் இவ்விரண்டையும் பிரித்தறிய இடர்ப்பட்டனர்.

பிரெஞ்சு வைத்தியர் எஸ்கிரோல், 1838இல் வெளியிட்ட தம் பெருநூலிலே இதற்கெனத் தனி இடம் வகுத்தார். மனநோய் மனைகளுக்கு வருவோரைக் காட்டிலும் வீட்டிலேயே வைத்துப் பார்க்கப்படுவோர் பலர் என அவர் கூறியது கூர்மையான கருத்து. 1841இல் தக்கரே தம் மனைவியைச் சேர்த்த இடமும், பாரிஸுக்கு அண்மையில் இவ்ரி என்னும் ஊரில் எஸ்கிரோல் நிறுவிய மனையே. ஆனால் எஸ்கிரோல் அதற்குச் சில வாரங்களின் முன், 1840 திசெம்பரிலே, இறந்துவிட்டிருந்தார். பின்னர் ரைன் நதிக்கரையிலுள்ள போப்பார்ட் ஊரிலே குளிர்நீர்ச் சிகிச்சையும் செய்து பார்த்தனர். பயன் நிலைக்கவில்லை.

அதே இவ்ரி மனையிற் பிற்காலத்திலே பணிபுரிந்த லூயி விக்டர் மார்சே என்னும் இளம் வைத்தியர், 1858இல், கருவுற்றோர், பிள்ளை பெற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு வரும் மனநோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை இயற்றினார். ஆறே ஆண்டுகளில், தம் முப்பத்தாறாம் வயதிலே, காலமானார். அவர் வகுத்த பிரிவை அடுத்த நூற்றாண்டின் அறிஞர் பலர் ஏற்கவில்லை. இது தனிநோயன்று, ஏனைய மனநோய்களே பிரசவகாலத்தில் தலைகாட்டுகின்றன என்றனர். இவ்வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை.

எனினும் ஒன்று தெளிவாயிற்று. 1936இலே இலண்டனிற் கோல்புறூக் என்னும் மருத்துவர் புதிய சல்பா மருந்தினாற் பிரசவக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். அதன்பின் அக்காய்ச்சல் அருகிற்று. காய்ச்சலோடு வந்த பிதற்றலும் அருகிற்று. உன்மத்தமோ அருகவில்லை. அதன் வேர் வேறென்பது இதனாலே புலனாயிற்று. எடின்பரோ நகரிலே 54,000இற்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 1987இல் வெளியான ஆய்வு, பிரசவத்தின் பின்னான முதல் முப்பது நாள்களிலே கடும் மனநோயால் மருத்துவமனை சேர்வோர் தொகை செங்குத்தாக ஏறுவதைக் காட்டிற்று. ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு எனும் அளவில் இந்நோய் வருகிறது. இருமுனை மனநோய் உடையோரையும், முன்னர் ஒருமுறை இது கண்டோரையும் மிகுதியாக நாடுகிறது. தக்க வேளையிற் சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

சட்டமும் மெல்லவே கண் திறந்தது. இந்நிலையிற் சிசுவைக் கொன்ற தாய்க்குக் கொலைக்குற்றத்துக்குரிய தூக்குத் தண்டனை விதியாதிருக்க இங்கிலாந்திலே 1922இற் சட்டம் பிறந்தது. 1938இல் அது குழந்தையின் முதற் பன்னிரண்டு மாதங்களுக்கும் விரிக்கப்பட்டது. அவ்வாறு விரித்தமை நியாயமே. நோய் நாள் பார்த்து வருவதன்று.

இஸபெல்லா அம்மையார் குணமடையாத சிறுபான்மையோருள் ஒருவரானார். சித்தப்பிரமை காரணமாக மணவிலக்குப் பெற அந்நாளைய சட்டத்தில் இடமில்லை. தக்கரே மறுமணமின்றியே வாழ்ந்தார். 1848இற் சார்லட் பிறொன்ரி தம் நாவலாகிய 'ஜேன் அயரின்' இரண்டாம் பதிப்பை அவருக்குக் காணிக்கையாக்கினார். அக்கதையிலே உன்மத்தம் கொண்ட மனைவியை மேல்மாடியில் அடைத்து வைத்த கணவன் வருகிறான். தக்கரேயின் வீட்டு நிலைமையை அவ்வம்மையார் அறியார். ஊரார் வாய்க்கு மட்டும் அது பெருந்தீனியாயிற்று.

தக்கரே 1863இற் காலமானார். 1840இற் பிறந்த அம்மகளும் 1875இல் இறந்தாள். இலண்டனுக்கு அண்மையிற் பிறர் பராமரிப்பில் அமைதியாகக் காலம் கழித்த இஸபெல்லா அம்மையார் 1894 வரை இருந்தார்.