அமைதி காக்கச் சென்ற படையும் யாழ்ப்பாண மருத்துவமனையும்

நமது களம்பூரை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம் தலைமுறை தலைமுறையாக இராணுவத்திற்கு ஆள் தந்த மாவட்டமாகும். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கின்றனர். ஆகவே இந்தியப் படையின் குறையை எடுத்துரைக்கும் கட்டுரையொன்றை இப்பகுதியில் இருந்துகொண்டு எழுதுவது எளிதன்று. ஆயினும் நம் பெயரால் வேற்று நாட்டிற்குச் சென்ற படை தவறிழைத்தபோது அதனிடம் கணக்குக் கேட்டவர் யார் என்னும் கேள்வியை வரலாற்றிலிருந்து நீக்கிவிட இயலாது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டனர். போர் நிறுத்தத்தை உறுதி செய்யத் தேவைப்பட்டால் இந்திய அமைதிப் படையை இலங்கை அழைக்கலாம் என்று அதன் இணைப்பில் கூறப்பட்டிருந்தது. மறுநாளே படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். ஆனால், அப்படையினர் பொதுமக்களுக்குத் தீங்கிழைத்தால் பாதிக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது என்பது பற்றி அவ்விணைப்பில் ஒரு சொல்லும் இல்லை. இந்தப் படை ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் வந்ததும் அன்று. எனவே அங்கும் சென்று முறையிட வழியில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையைச் சுற்றிக் காலை முதலே எறிகணைகள் விழுந்தன. புலிகள் சிலர் மருத்துவமனைக்குள் புகுந்திருந்தனர் என்பதும், மருத்துவர்கள் அவர்களை வெளியேறுமாறு கேட்டுக்கொண்டனர் என்பதும் உண்மையே. இதனை மறைப்பது நேர்மையாகாது. மாலையில் இந்தியப் படையினர் உள்ளே நுழைந்து, நடைகூடங்களில் சுட்டுக்கொண்டே முன்னேறினர். ஊழியர்களும் நோயாளிகளும் எக்ஸ்ரே பிரிவில் ஒடுங்கிக் கிடந்தனர். அங்கும் துப்பாக்கிகள் வெடித்தன; கையெறி குண்டும் வீசப்பட்டது. உயிர் தப்பியவர்கள் பிணங்களுக்கிடையே பிணம்போல் அசையாது இரவு முழுவதும் கிடந்தனர். மறுநாள் காலை குழந்தை மருத்துவ நிபுணர் டாக்டர் சிவபாதசுந்தரம், செவிலியர் சிலருடன் கைகளை உயர்த்தியவாறு, தாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம் என்று உரக்கக் கூறிக்கொண்டே வெளியே வந்தார். அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விரு நாட்களில் மாண்டோர் ஏறத்தாழ 70 பேர். அவர்களுள் 21 பேர் மருத்துவமனை ஊழியர்கள்.

உள்ளேயிருந்து புலிகள் சுட்டதால் இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியே மக்கள் இறந்தனர் என்பது படைத்தரப்பின் விளக்கம். முதல் நாள் மாலையின் குழப்பத்திற்கு அது ஓரளவு பொருந்தலாம். கைகளைத் தூக்கி வந்த மருத்துவரின் மரணத்திற்கு அது எவ்வகையிலும் பொருந்தாது.

சரி, விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது? 1950 ஆம் ஆண்டின் இந்திய இராணுவச் சட்டப்படி, வெளிநாட்டில் பணியிலிருக்கும் படைவீரர் கொலை முதலிய கொடுங்குற்றம் புரிந்தாலும் இராணுவ நீதிமன்றமே விசாரித்துத் தண்டிக்கலாம். ஆக, சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் குற்றம் நிகழ்ந்து 3 ஆண்டுகள் கடந்துவிட்டால் விசாரணையைத் தொடங்க முடியாது என்ற வரம்பும் அதே சட்டத்தில் இருந்தது. அதற்கு விலக்கான குற்றங்கள் மிகச் சிலவே. படை 1990 மார்ச்சில் தாயகம் திரும்பியது. அதே ஆண்டு அக்டோபரில் மருத்துவமனைக் கணக்கிற்கான காலம் சட்டப்படி முடிந்துபோனது. அதற்காக இன்னார் தண்டிக்கப்பட்டார் என்று எவர் பெயரும் வெளியிடப்படவில்லை.

1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் படைவீரர் அறுவர் மாண்டதைத் தொடர்ந்து, பொதுமக்கள் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அச்செய்தியை நம் நாட்டு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழ் வெளியிட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அரசுகள் எழுதாத கணக்கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதினர். அவர்களுள் ஒருவரான உடற்கூற்றியல் துறைத் தலைவி டாக்டர் ரஜனி திராணகம, படையினரால் மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களைச் சந்தித்து அவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். புலிகளையும் அவர் அதே கண்டிப்புடன் விமர்சித்தார். 1989 செப்டம்பர் 21 அன்று மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோழர்கள் புலிகளையே குற்றம் சாட்டினர். அவர்கள் எழுதிய 'முறிந்த பனை' இன்றும் இதற்கான முதன்மை ஆவணமாக விளங்குகிறது.

தமிழகத்தில் என்ன நடந்தது? 1990இல் படை சென்னை வந்திறங்கியபோது முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்குச் செல்லவில்லை. அதுகுறித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. சுமார் 1,200 வீரர்களை இழந்து திரும்பிய படைக்கு அது வேதனை தந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் போகாமல் இருந்தது ஓர் அரசியல் சைகையே. விசாரணை நடத்துமாறு வலியுறுத்தியிருந்தால் அது வேறு காரியமாக இருந்திருக்கும்.

ஐ.நா. படைகளிலும் விதி இதுவே: தவறிழைத்த வீரரைத் தண்டிக்கும் உரிமை அவரை அனுப்பிய நாட்டுக்கே உண்டு. ஹைதியில் சிறார்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக 2007இல் இலங்கைப் படைவீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவரும் சிறை செல்லவில்லை என்று பத்தாண்டுகள் கழித்துச் செய்தி நிறுவனமொன்று வெளிப்படுத்தியது. இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் நெதர்லாந்து அமைதிப் படை கைவிட்ட நிலையில் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் படுகொலை செய்யப்பட்டனர். அந்நாடே நடத்திய ஆய்வின் அறிக்கை வெளியானதும் 2002இல் நெதர்லாந்து அமைச்சரவை பதவி விலகியது. படைமுகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 350 பேரின் சாவில் அரசுக்கும் ஒரு பங்கு பொறுப்புண்டு என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்தப் பங்கு 10 விழுக்காடுதான். வழக்குத் தொடுத்த தாய்மார்கள் அதனால் மனம் நிறைவடையவில்லை.

இலங்கையில் மாண்ட இந்திய வீரர்களுக்குக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் நினைவுச் சின்னம் உள்ளது. இந்தியத் தலைவர்கள் அங்கே மலர்வளையம் வைக்கின்றனர். யாழ்ப்பாண மருத்துவமனையில் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று, ஊழியர்கள் 21 பேரின் படங்களுக்கு முன், இன்று பணியிலிருப்போர் கூடி விளக்கேற்றுகின்றனர்.