துணை தேடிய குடிநோயாளர்

மதுவுக்கு அடிமைப்பட்ட ஒருவனைத் திருத்துவதற்கு உலகம் நெடுங்காலமாக இரண்டு வழிகளையே பெரிதும் நம்பியிருந்தது. ஒன்று உபதேசம், மற்றது தண்டனை. குடியின் கொடுமையைத் தம் வாழ்வில் அறியாதோர் மேடையில் நின்று அதன் தீமைகளை எடுத்துரைத்தனர். குடித்தவனோ தலைகுனிந்து கேட்டுவிட்டு, அன்று மாலையே மீண்டும் மதுச்சாலையை நாடினான். குடிநோயாளன் ஒருவனுக்கு மற்றொரு குடிநோயாளனே உற்ற துணையாதல் கூடும் என்னும் உண்மை மிகவும் பிந்தியே உணரப்பட்டது.

1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்து மதுச்சாலை ஒன்றில் கூடிக் குடித்துவந்த அறுவர், இனி மதுவைத் தீண்டுவதில்லை என்று உறுதி பூண்டனர். தையற்காரர், தச்சர், கொல்லர் முதலிய கைத்தொழிலாளரே அவர்கள். ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரைத் தம் சங்கத்திற்குச் சூட்டினர். அச்சங்கத்தின் கூட்டங்களில் குடித்துக் கெட்டவனே எழுந்து தன் கதையைக் கூறினான். சில ஆண்டுகளுள் பல்லாயிரவர் அதிற் சேர்ந்தனர். 1842ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் இச்சங்கத்தின் கூட்டமொன்றிலே உரையாற்றிய ஆபிரகாம் லிங்கன், கடிந்துரைப்பதினும் அன்பாக எடுத்துரைப்பதே பயன் தரும் என்று இவர்களது முறையைப் பாராட்டினார். எனினும், மதுவிலக்குச் சட்டம் முதலிய பொதுப் பூசல்களிற் சிக்கிய சங்கம், பத்தாண்டு நிறையுமுன்னரே பெரும்பாலும் மறைந்தொழிந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயோர்க் நகரத்துப் பங்குத் தரகரான வில்லியம் வில்சன் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரிலே தனித்து நின்றார். குடியை விட்டு அவருக்கு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அவர் வந்த வியாபார முயற்சி தோல்வியுற்றிருந்தது. தங்கியிருந்த மேபிளவர் ஹோட்டலின் மதுக்கூடத்திலிருந்து மகிழ்ச்சி ஆரவாரம் செவியில் விழுந்தது. முந்திய மாதங்களில் அவர் பல குடிநோயாளரைத் திருத்த முயன்றிருந்தார். அவர்களுள் ஒருவரும் திருந்தவில்லை. ஆயினும், அம்முயற்சி அவரையே குடியிலிருந்து காத்திருந்தது. இப்பொழுது தமக்கு வேண்டியது மது அன்று, தம்மைப் போன்ற மற்றொரு மனிதனே என்று உணர்ந்தார். ஹோட்டலின் தொலைபேசியருகே சென்று ஊர்த் தேவாலயங்களின் பெயர்களைப் பார்த்து, ஒரு போதகரை அழைத்தார்.

அவ்வழியாகத் தொடர்ந்த தேடல், ரொபேர்ட் ஸ்மித் என்னும் சத்திர வைத்தியரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. ஸ்மித்தும் நெடுநாட் குடிநோயாளர். மே 12ஆம் நாள் நண்பர் ஒருவரது இல்லத்திலே இருவரும் சந்தித்தனர். கால்மணி நேரத்திற்குமேல் இருப்பதில்லை என்று வந்த வைத்தியர், ஏறத்தாழ ஆறு மணி நேரம் உரையாடினார். பின்னர் ஒருமுறை அவர் இடறி வீழ்ந்ததும் உண்டு. ஆயினும், ஜூன் 10ஆம் நாளே அவர் கடைசியாகக் குடித்த நாளாயிற்று. அந்நாளையே ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது அதன் பொருள்.

அவ்வியக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது. அக்ரனில் அவர்கள் ஒக்ஸ்போர்ட் குழு என்ற சமயக் குழுவினருடன் கூடிவந்தனர். கிளீவ்லண்ட் நகரிலிருந்து அங்கு சென்று கலந்துகொண்ட கத்தோலிக்கருக்கு அக்குழுவின் வழிபாட்டு முறைகள் தம் சமய ஒழுக்கத்துக்கு இசைவாகத் தோன்றவில்லை. சமயத்தை விடுவதா, மீட்சியை விடுவதா என்ற இக்கட்டு அவர்களை வருத்தியது. 1939ஆம் ஆண்டு மே மாதத்தில், பழைய நண்பர் சிலரின் மனக்கசப்பையும் பொறுத்துக்கொண்டு, தம் ஊரிலே தனிக்கூட்டம் ஒன்றை அவர்கள் தொடங்கினர். அது மிக விரைவிற் பல கூட்டங்களாகப் பெருகியது. ஒரு கூட்டம் பொருந்தாதெனின் மற்றொன்றை நாடலாம். இல்லையெனில் புதிதாக அமைக்கலாம் என்ற வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று.

1950ஆம் ஆண்டில் கிளீவ்லண்டிலே கூடிய மாநாடு பன்னிரண்டு மரபுகளை ஏற்றுக்கொண்டது. குடியை விட விரும்புதல் ஒன்றே உறுப்பினராவதற்குரிய தகுதி. பொதுப் பூசல்களில் இயக்கம் தலையிடலாகாது என்பன அவற்றுட் சில. வாஷிங்டன் சங்கத்தை வீழ்த்திய குழியை இவ்வாறு இவர்கள் தவிர்த்தனர். எவரும் வரத்தக்க திறந்த கூட்டமும், குடிநோயாளர் மாத்திரம் கூடும் கூட்டமும் வேறுவேறாக அமைந்தன. குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென ‘அல் அனொன்’ 1951இலே தோன்றியது. பெண்களின் துயரம் வேறு தன்மையது என்று கண்ட ஜீன் கேர்க்பற்றிக், 1975இல் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். சமயச் சார்பை விரும்பாதோருக்கான அமைப்பு 1985இலே எழுந்தது.

இக்கூட்டங்கள் வெறும் ஆறுதல் மாத்திரந்தானா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் இடம்பெற்ற 10,565 பேரின் நிலையை ஆராய்ந்தது. மதுவை முற்றாக விட்டு நிற்பதில், இக்கூட்டங்களில் ஈடுபடச் செய்யும் முறை ஏனைய சிகிச்சைகளினும் மேம்பட்ட பயன் தருவதாக அது கண்டது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரலாமாதலின், வைத்தியரின் கண்காணிப்பும் அவசியமே.

முதற் கூட்டத்திலே மனம் ஒன்றாமற் போனவர், தமக்கு மீட்சியே இல்லையென்று எண்ணி வீடு திரும்புதல் எளிது. ஆனால், மற்றொரு கதவைத் தட்டத் துணிந்தோராலேயே இவ்வியக்கம் பிறந்தது. அத்தகையோராலேயே அது வளர்ந்தும் வந்துள்ளது.