பனிச்சரிவு: பனி கொட்டித் தீர்த்த மறுநாள்தான் ஏன் அதிக ஆபத்து? குல்மார்க் போறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

குல்மார்க்கில் இரவெல்லாம் பனி கொட்டுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது. "நேத்துதான் மோசம், இன்னைக்கு நல்ல வெயில், மேலே போயிட்டு வந்துடலாம்" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், பனிச்சரிவு அதிகம் பலி வாங்குவது இந்த மாதிரி நாட்களில்தான்.

காஷ்மீரில் உள்ள குல்மார்க்கின் ரோப் கார், அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கே கண்காணிப்பில் உள்ள பனிச்சறுக்குப் பாதையில் இருக்கும் வரை பெரிய பிரச்னை இல்லை. அதை விட்டு வெளியே, யாரும் மிதிக்காத பனியைத் தேடிப் போகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் 2 பேர் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் அருகே ரஷ்யர் ஒருவர் இறந்தார். எல்லோருமே பனிச்சறுக்குக்காக வந்தவர்கள்.

பனி ஏன் சரிகிறது?

மலையில் கிடக்கும் பனி ஒரே கட்டி கிடையாது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி விழுந்து, அதன்பின் பல நாள் கடுங்குளிர் மட்டும் நீடித்தால் சிக்கல். கீழே தரையின் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கும், மேலே அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். இந்த வித்தியாசத்தால் அடியில் உள்ள பனி, சர்க்கரை போலப் பொலபொலவென்று ஆகிவிடும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை பிடிக்காது, உதிர்ந்துடும்.

அதன் மேல் 2, 3 அடி புதுப் பனி வந்து உட்கார்ந்தால்? சாய்வான மேஜையில் சர்க்கரையைத் தூவி, அதன் மேல் கனமான பலகையை வைத்த கதைதான். ஒரு ஆள் கால் வைக்கும் எடை போதும். அடியில் உள்ள அடுக்கு நொறுங்கி, விரிசல் நொடியில் பரவி, மொத்தப் பலகையும் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில்கூட இறங்கும். பனிச்சரிவில் சிக்குபவர்களில் 10-ல் 9 பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ, கூட வந்தவர்களோதான். சினிமாவில் வருவது போல சத்தம் போட்டால் பனி சரியாது, கால் வைத்தால்தான் சரியும்.

புதுப் பனியின் சுமையை அந்த அடுக்கு தாங்கிப் பழக ஓரிரு நாளாவது வேண்டும். சில நேரம் வாரக்கணக்கில்கூட ஆகலாம். காற்றும் அடித்திருந்தால், ஒரு பக்கத்துப் பனியைத் தூக்கி மறுபக்கச் சரிவில் கொட்டிவிடும். அந்தப் பக்கம் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் பொறி.

எந்தச் சரிவு ஆபத்தானது?

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. சறுக்கி விளையாட எல்லோரும் விரும்புவதும் கிட்டத்தட்ட அதே சாய்வுதான். செல்போன் செயலியிலேயே சாய்வை அளக்கலாம். 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் நின்றாலும், தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால் அங்கிருந்து வந்துடும்.

பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம், நடக்கும்போது காலடியில் "வூம்ப்" என்று அமுங்கும் சத்தம், காலைச் சுற்றி ஓடும் விரிசல், திடீரென ஏறும் வெப்பம். இதில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும்.

அரசு எச்சரிக்கை போதுமா?

சண்டிகரில் உள்ள டிஆர்டிஓ-வின் ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ பனிச்சரிவு முன்னறிவிப்பைத் தயாரிக்கிறது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மாவட்ட வாரியாக எச்சரிக்கை விடுகிறது. காலையில் முதல் வேலையாக அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அது ஒரு மாவட்டத்தில், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் உள்ள பகுதி முழுவதற்குமானது. நீங்கள் கால் வைக்கப்போகும் சரிவு எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது.

புதைந்தால் எவ்வளவு நேரம்?

முதல் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே கஷ்டம். காரணம் குளிர் அல்ல, மூச்சுத் திணறல். நின்றதும் பனி சிமெண்ட் போல இறுகிவிடுவதால் விரலைக்கூட அசைக்க முடியாது.

"சியாச்சினில் ஒருத்தர் ஆறு நாள் உயிரோட இருந்தாரே" என்று கேட்கலாம். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தனர். அதில் 4 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் 6 நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் உயிரிழந்தார். அது அபூர்வத்திலும் அபூர்வம்.

மீட்புக் குழு கீழிருந்து ஏறி வருவதற்குள் 15 நிமிடம் போய்விடும். எனவே காப்பாற்றப்போவது கூட வந்தவர்கள்தான். அதற்கு ஆளுக்கு ஒரு சிக்னல் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மடக்கு மண்வெட்டி வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து பயனில்லை, புதைபவர் அவராகவே இருக்கலாம். ஆபத்தான சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராகப் போக வேண்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

ரோப் கார் டிக்கெட்டோடு இதெல்லாம் வராது. பாதையை விட்டு வெளியே கூட்டிப்போகும் வழிகாட்டியிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இரண்டு கேள்வி கேட்டுவிடலாம்: இந்த மூன்று பொருளும் எல்லோருக்கும் தருவீர்களா? அதைப் பயன்படுத்த, கிளம்பும் முன் கீழேயே ஒருமுறை பழக்கிக் காட்டுவீர்களா?