ஆரல்வாய்மொழி வாயிலும் முகக்கவச விதியும்: ஒரு வரலாற்று நோக்கு

நாஞ்சில் நாட்டிற்குக் கிழக்கேயிருந்து வருவோர்க்கு ஆரல்வாய்மொழியே வாயில். மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் சற்றே விலகி வழிவிடும் இக்கணவாயை, ஆண்டவர் எவராயினும் காவலின்றி விட்டதில்லை. திருவிதாங்கூர் மன்னர் இங்கே கோட்டைச் சுவர் எழுப்பிப் படை நிறுத்தினர். வேலுத்தம்பி தளவாய் காலத்தில், 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள், ஆங்கிலேயப் படை அச்சுவரைக் கைப்பற்றிய பின்னரே சமஸ்தானத்துள் புகுந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணையும் வரை இவ்வூர் இரு அரசுகளுக்கிடையே எல்லையாகவே இருந்தது. பின்னர் எல்லை போயிற்று. சோதனைச் சாவடி போகவில்லை.

அச்சாவடியின் முழு வல்லமையை நம் தலைமுறை கண்டது 2020ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டு மார்ச்சு 24ஆம் நாள் மாலை முதல் தமிழகத்தில் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. சென்னையிலும் பிற ஊர்களிலும் கூலி வேலைக்குச் சென்றிருந்த நம் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு திரும்பியபோது, இவ்வாயிலில் நிறுத்தப்பட்டு, மூக்கிலும் தொண்டையிலும் சளி மாதிரி கொடுத்த பின்னரே உள்ளே விடப்பட்டனர். இவை பற்றி விரித்தெழுத இடமுண்டு. எனினும் ஈண்டு ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது முகக்கவச விதி. ஒரு சாண் துணி பற்றிய விதிக்கு வரலாறு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். இம்மண்ணில் ஒரு சாண் துணிக்காக நடந்த போராட்டங்களை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார்.

திருவிதாங்கூரில் எக்குலத்தார் உடலின் எப்பகுதியைத் துணியால் மறைக்கலாம் என்பதை அரசு ஆணையே வரையறுத்தது. நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிவதைத் தடுத்து 1829இல் ஆணை பிறந்தது. முப்பது ஆண்டுப் போராட்டத்திற்குப் பின், 1859 ஜூலை 26ஆம் நாள் வந்த ஆணை அவர்கள் மார்பை மறைக்க இசைந்தது. அப்போதும் ‘உயர்குல’ப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்னும் நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. அதற்கும் அரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1915இல், கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் ஐயன்காளியின் அழைப்பை ஏற்றுப் புலையர் குலப் பெண்கள் கழுத்தில் அடிமைச் சின்னமாகக் கிடந்த கல்லுமாலைகளை அறுத்தெறிந்து மேலாடை அணிந்தனர். அன்று துணியால் மறைப்பது குற்றம். 2020இல் அதே மண்ணில் துணியால் மறைக்காமை குற்றமாயிற்று. இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவரவில்லை. முன்னது மானத்தைப் பறிக்க எழுந்தது. பின்னது உயிரைக் காக்க எழுந்தது. ஆயினும் நம் உடலின்மீது அரசு இடும் ஆணை எதுவாயினும், அது எங்கிருந்து வந்தது, அதன் சுமை எவர் தலையில் விழுந்தது என்று கேட்பது நமக்குக் கடமையாகிறது.

முகக்கவசம் தொற்றுநோய்க் காலத்துப் பொதுக் கருவியான வரலாறு சுவையானது. 1910ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்குச் சீனமாகிய மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அதனை அடக்க அனுப்பப்பட்டவர் ஊ லியன்தே என்னும் இளம் மருத்துவர். அவர் பிறந்த ஊர் நம் தமிழர் பலர் குடியேறி வாழும் பினாங்கு. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி மட்டுமே இந்நோயைப் பரப்பும் என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், மனிதர் மூச்சின் வழியாகவே இது பரவுகிறது என்று அவர் கூறினார். பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கிய கவசத்தை அணியுமாறு எல்லோரையும் பணித்தார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அவருக்கு மூத்தவர். சீன இளைஞன் தமக்குக் கற்பிப்பதா என்று சினந்தவர். கவசமின்றி நோயாளரைச் சோதித்த அவர் 1911 ஜனவரியில் சில நாட்களுக்குள் அந்நோய்க்கே இரையானார். ஏறத்தாழ அறுபதாயிரம் உயிர்களைக் கொண்ட அக்கொள்ளைநோய் சில திங்களில் அடங்கியது. அறிவு எக்குலத்தான் வாயிலிருந்து வந்தது என்று பார்த்து அதைத் தள்ளுகிற நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதும் இதனால் விளங்கும்.

அடுத்து 1918ஆம் ஆண்டின் இன்புளுயன்சா. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் அவ்வாண்டு அக்டோபரில் முகக்கவசத்தைச் சட்டமாக்கியது. மீறியவர்க்கு ஐந்து டாலர் முதல் நூறு டாலர் வரை தண்டம் அல்லது பத்து நாள் வரை சிறை. 1919 ஜனவரியில் அந்நகரத்தார் சிலர் கவச எதிர்ப்புச் சங்கமே நிறுவினர்! நம் நாட்டிலோ, 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நுழைந்த அந்நோய் ஒரு கோடிக்கும் மிகுதியான உயிர்களைக் கொண்டது. 1921 மக்கள்தொகைக் கணக்கில் இந்திய மக்கள்தொகையே முந்திய கணக்கைவிடக் குறைந்து நின்றது. திருவிதாங்கூரின் தொகை மட்டும் அதே பத்தாண்டுகளில் 34 இலட்சத்திலிருந்து 40 இலட்சமாக உயர்ந்தது. இப்பகுதி பெருமளவு தப்பியது என்றே இதனால் கொள்ளலாம்.

பம்பாய் நகரின் 1918ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. அதனை இளைஞர்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம். அந்நோயால் ஆயிரம் பேருக்கு இறந்தோர் தொகை: ஐரோப்பியருள் 8.3, பார்சிகளுள் 9.0, இந்தியக் கிறித்தவருள் 18.4, சாதி இந்துக்களுள் 18.9, முஸ்லிம்களுள் 19.2, ‘தாழ்ந்த சாதி’ இந்துக்கள் என்று அக்கணக்கு குறித்த நம் மக்களுள் 61.6. ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே நோய். ஐரோப்பியர் ஒருவர் இறந்த இடத்தில் நம்மவர் எழுவர் இறந்தனர். காற்றில் வரும் கிருமிக்குச் சாதி தெரியாது. காற்றோட்டமற்ற குடியிருப்பும் அரைவயிற்று உணவும் யாருக்கு உரியவை என்பது சாதியால் முடிவாகியிருந்தது. இது நமக்கு எப்படித் தெரிய வந்தது? அன்றைய சுகாதாரத் துறையார் இறந்தவர் கணக்கைச் சாதி வாரியாகப் பிரித்து எழுதி வைத்ததால் தெரிய வந்தது. அவர்கள் நம்மீது இரக்கங்கொண்டு எழுதினார்களா என்பது வேறு கேள்வி. எழுதினார்கள், அது போதும்.

இனி நம் காலத்து விதிக்கு வருவோம். 2020இல் அரசுகள் முதலில் கையிலெடுத்தது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாய் மாகாணப் பிளேக் காலத்தில் ஆங்கிலேயர் அவசரமாக இயற்றிய, நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம் அது. ஏப்ரல் 15ஆம் நாள் மத்திய உள்துறை வெளியிட்ட நெறிமுறைகள் பொது இடங்களிலும் பணியிடங்களிலும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கின. ஜூலைத் திங்களில் நியாயவிலைக் கடைகளின் வாயிலாகக் குடும்ப அட்டையிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு துணிக் கவசங்கள் இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2 கோடியே 8 இலட்சம் அட்டைகளுக்குரிய இத்திட்டம் பாராட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை.

செப்டம்பர் முதல் நாள் மாநிலத்திற்குள் இ-பாஸ் முறை நின்றது. ஆரல்வாய்மொழி வாயில் திறந்தது. மூன்று நாள் கழித்து, 4ஆம் நாள், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் பிறந்தது. முகக்கவசம் அணியாவிடில் 200 ரூபாய். பொது இடத்தில் உமிழ்ந்தால் 500. இடைவெளி காவாவிடில் 500. விதி மீறும் வணிக நிறுவனத்திற்கு 5,000. முகக்கவசத்திற்குரிய தண்டம் 2022 ஜனவரியில் 500 ரூபாயாக உயர்ந்தது. இத்தொகைகளை நம் மக்களின் கூலியோடு வைத்துப் பாருங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்திற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 2020-21இல் 256 ரூபாய். 2021-22இல் 273 ரூபாய். ஆகவே 200 ரூபாய்த் தண்டம் ஒரு நாள் உழைப்பின் பெரும்பகுதி. 500 ரூபாயோ ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு. மகிழுந்தில் செல்வார்க்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. தண்டம் எல்லோர்க்கும் சமம் என்பது சட்டத்தின் சொல். சமமான தண்டம் சமமான சுமை அன்று.

மேலும், விதியைக் காத்தல் எல்லோர்க்கும் ஒரே வகையில் எளிதாகவும் இல்லை. தோவாளை வட்டாரத்துச் செங்கல் சூளைகளில் மண் சுமப்பவர் முகத்தில் கட்டிய துணி, கால் நாழிகையில் வியர்வையில் நனைந்து மூச்சை அடைக்கும். நாற்காலியில் அமர்ந்து பணிசெய்யும் நமக்கு அத்துன்பம் இல்லை. உள்ளாட்சி ஒன்றில் தூய்மைப் பணி செய்யும் சகோதரி ஒருவர், ஒரே துணிக் கவசத்தை இரவில் துவைத்துக் காலையில் ஈரத்தோடு கட்டிச் சென்ற நாட்களை நம்மிடம் கூறினார். தொற்றுற்ற வீட்டின் குப்பையை அள்ளியவர் அவர். ‘துப்புரவுப் பணியாளர்’ என்னும் பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என மாறியதும் அந்த 2020ஆம் ஆண்டிலேதான். பெயர் மாற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கையுறையும் உடன் வந்திருக்க வேண்டும் என்றே கூறுகிறோம்.

விதியை நடைமுறைப்படுத்தும் கை எவ்வளவு கடுமையாகலாம் என்பதற்கு நமக்குத் தொலைவில்லாத சாத்தான்குளமே சான்று. ஊரடங்கு நேரங் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறி 2020 ஜூனில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்மீது கொலைக் குற்றம் சாட்டியது.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ‘சமூக இடைவெளி’ என்று முதலில் எங்கும் எழுதி ஒட்டினர். நம்பூதிரிக்கும் புலையர்க்கும் இடையே 96 காலடித் தொலைவு வேண்டும் என்று வகுத்திருந்த நாட்டில், அச்சொல் நம் முதியோர் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்! 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தபோது பிள்ளைகளாயிருந்தோர் சிலர் அன்றும் நம்மிடையே வாழ்ந்திருந்தனர். உலக நல்வாழ்வு நிறுவனம் 2020 மார்ச்சிலேயே ‘உடல் இடைவெளி’ என்னும் சொல்லுக்கு மாறியது. இங்கும் ‘தனிநபர் இடைவெளி’ என்னும் சொல் மெல்ல வழக்குக்கு வந்தது. பள்ளியில் நாம் பயன்படுத்தியதும் இச்சொல்லையே.

இவற்றால் முகக்கவசமே வீண் என்று எவரும் முடிவுகட்ட வேண்டா. அண்டை நாடாகிய வங்காளதேசத்தில் 2020-21இல் 600 சிற்றூர்களில், மூன்றேகால் இலட்சத்திற்கும் மிகுதியான மக்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. பாதி ஊர்களில் கவசத்தை இலவசமாகக் கொடுத்து, அணியும் முறையைக் காட்டி, ஊர்ப் பெரியோரும் சமயத் தலைவரும் தாமே அணிந்து வழிகாட்டினர். அணியாதவரை அன்போடு நினைவூட்டினர். கவசத்தைச் சரிவர அணிவோர் தொகை நூற்றுக்கு 13இலிருந்து 42ஆக உயர்ந்தது. மருத்துவக் கவசம் வழங்கிய ஊர்களில் அறுபது வயது கடந்தோரிடையே நோய்க்குறியோடு கூடிய தொற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சாதாரணத் துணிக் கவசத்தின் பயன் அவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை. ஏழைக்குத் துணியும் செல்வர்க்கு நல்ல கவசமும் என்று பிரிந்து நின்ற நம் ஊர்களுக்கு இம்முடிவு பொருளுடையது. அங்கே தண்டமில்லாமல் இது நடந்தது என்பதையும் கருதுக.

2022 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழகத்தில் கட்டாயம் தளர்ந்தது. அத்திங்களிலேயே தொற்று தலைதூக்கவும் தண்டம் மீண்டும் வந்தது. 2023 ஏப்ரல் முதல் நாள் அரசு மருத்துவமனைகளில் கவசம் கட்டாயமாயிற்று. மே 5ஆம் நாள் உலக நல்வாழ்வு நிறுவனம் அவசரநிலை முடிந்ததென அறிவித்தது.

அக்காலத்தில் நாள்தோறும் மாலையில் வெளியான அரசின் அறிக்கையில் இறந்தவரின் வயது இருந்தது, பால் இருந்தது, மாவட்டம் இருந்தது, பிற நோய்கள் இருந்தன. 1918இல் பம்பாய்க் கணக்கிலிருந்த அந்த ஒரு கட்டம் இல்லை. தண்டம் செலுத்தியோர் எத்தொழிலினர் என்பதும் வெளியிடப்படவில்லை. ஆகவே நூறாண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஆரல்வாய்மொழியில் இந்நோய் யாரை எவ்வாறு தாக்கியது என்று தேடினால், நாம் வைத்துச் செல்லும் தாளன்றி அவர்களுக்கு வேறு தாள் இராது.

எனவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்டம் கட்டிய ரசீது, இ-பாஸ் அச்சுத்தாள், சாவடியில் சளி மாதிரி கொடுத்தமைக்கான சீட்டு, தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவிப்பு, நியாயவிலைக் கடையில் பெற்ற கவசம் ஆகியவற்றுள் எது வீட்டில் கிடந்தாலும் நம் சங்க நூலகத்தில் சேர்ப்பியுங்கள். அதனுடன் ஒரு முழுத்தாளில் உரியவரின் பெயர், வயது, அக்காலத்தில் செய்த தொழில், பெற்ற கூலி, நிகழ்ந்த நாள், இடம் ஆகியவற்றை எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியோர்க்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் உடனிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதித் தரலாம். தண்டம் கட்டியும் ரசீது பெறாதவர் அதனையும் அவ்வாறே குறிக்கலாம். தாள்களை வரிசைப்படுத்தி அட்டையிடும் பணியை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.